ஏறிச்சா சார்?

பிளஸ் டூ ரிசல்ட் வரும் மாதத்தில் இந்த இதழ் உங்கள் கைக்கு வருகிறது. இந்தப் பக்கத்தில் வழக்கமாக ஏதாவதொரு படுகொலையைப் பற்றியோ தீர்ப்பைப் பற்றியோ எழுதுவோம். இந்த முறை கட்டண ரசீதைப் பற்றி எழுதப் போகிறேன். தலையங்கத்துக்கு இது ஒரு விஷயமா என்று சில தோழர்கள் கேட்கலாம். ஹால் டிக்கெட் தராமல் வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளையின் பெயர் எந்த எஃப்.ஐ.ஆரிலும் ஏறுவதில்லை. அந்தப் பிள்ளை ஊருக்குத் திரும்பி வந்து செங்கல் சூளைக்கோ திருப்பூருக்கோ போய்விடுகிறது. அதற்கு மறியல் இல்லை, சுவரொட்டி இல்லை. அதனால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நான் வங்கியில் எழுத்தர். கவிதை எழுதுகிறவன் என்பது கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அவர்களுக்கு நான் பாஸ்புக்கில் என்ட்ரி போடுகிற சார். பிப்ரவரி தொடங்கிவிட்டால் தினமும் நாலைந்து மாணவர்களாவது வந்து ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "சார், ஸ்காலர்ஷிப் ஏறிச்சா?"

நர்சிங் இரண்டாம் வருசம் படிக்கிற ஒரு பெண் வாரா வாரம் வந்தாள். நாலாவது வாரம் அழாத குறையாகச் சொன்னாள்: "அண்ணே, ஆன்லைன்ல பாத்தா பணம் போட்டாச்சுன்னு காட்டுது. கணக்குல இல்ல. காலேஜுல கேக்குறாங்க, வாங்கித் தின்னுட்டியான்னு." தேடிப் பார்த்தோம். போன வருசம் ஒரு கடையில் சிம் கார்டு வாங்க அவள் கைரேகை வைத்திருக்கிறாள். அந்தக் கைரேகையிலேயே அவள் பெயரில் வேறொரு கணக்கைத் திறந்து ஆதாரையும் கோத்துவிட்டார்கள். ஆதார் வழியாக வரும் அரசுப் பணம் ஆதார் கடைசியாக எந்தக் கணக்கில் இணைக்கப்பட்டதோ அங்கேதான் போகும். தனக்கு அப்படியொரு கணக்கு இருப்பதே அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. பணம் பிறகு கிடைத்தது. ஆனால் அதற்குள் கல்லூரி நெருக்கியதில் அவள் அம்மா கம்மலைக் கழற்றி அடகு வைத்துவிட்டார். வைத்ததும் எங்கள் கிளையில்தான். அந்த நகைக்கடன் சீட்டை எழுதியவனும் நான்தான்.

இது அரசாங்கம் போடுகிற பிச்சைப் பணம் என்று நம் பிள்ளைகளில் பலரே நினைக்கிறார்கள். ஆதிதிராவிடர் நலத்துறை அலுவலகத்தில் ஏவலாள்கூட அப்படித்தான் பேசுவார். ஆகவே கொஞ்சம் வரலாறு. 1913இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் பதினொன்றரை பவுன் வீதம் மூன்று வருசத்துக்குத் தந்த உதவித்தொகையில்தான் பாபாசாகேப் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குக் கப்பல் ஏறினார். ஒரு மன்னரின் நல்ல மனசை நம்பித்தான் ஒரு தலித் மேல்படிப்புக்குப் போக முடியும் என்கிற நிலையை அவர் மறக்கவில்லை. 1942இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானதும் பட்டியல் சாதிகளின் குறைகளை மனுவாக எழுதிக் கொடுத்தார். மேல்படிப்புக்கு அரசு பணம் தரவேண்டும் என்பதும் அதில் முக்கியமான கோரிக்கை. 1944இல் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை வந்தது. அரசியல் சட்டம் வருவதற்கு ஆறு வருசம் முன்பே வந்த உரிமை இது. நம் மண்ணிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. 1894இல் சென்னையில் ஆல்காட் பள்ளி, 1916இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தரின் நந்தனார் பள்ளி. முதலில் பள்ளிக்கூடம் கட்டியவர்கள் நம் முன்னோர்கள். அவர்கள் சிலை வைக்கச் சொல்லவில்லை.

* * *

கல்லூரியை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம்? ஊர்த்தெருவில் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது. சித்தப்பா இன்ஜினியர், மாமா பேராசிரியர். எந்தக் கல்லூரியில் தேர்ச்சி விகிதம் எவ்வளவு, எந்தப் பாடப்பிரிவுக்கு வேலை இருக்கிறது, கலந்தாய்வில் எந்தக் கல்லூரியின் எண்ணை முதலில் போடுவது என்று வீட்டுத் திண்ணையிலேயே பேசி முடித்துவிடுவார்கள். அந்தத் திண்ணைப் பேச்சுக்கு ஒரு மதிப்பு உண்டு. அதை யாரும் சொத்துக் கணக்கில் காட்டுவதில்லை.

காலனியில் வேறு கேள்விகள். ஹாஸ்டல் இருக்கா? பஸ் போவுதா? சாயங்காலம் கடைசி பஸ் எத்தினி மணிக்கு? யார்னா நம்மாளு அங்க படிக்கிறானா? இந்தக் கடைசிக் கேள்வியைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். அது கல்வித் தரத்தைப் பற்றிய கேள்வி இல்லை, அடி விழுமா என்கிற கேள்வி. பேருந்தில் எந்த ஊர் நிறுத்தத்தைத் தாண்டிப் போகவேண்டும், அங்கே ஏறுகிறவன் யார் என்று கணக்குப் பார்த்துப் பெண் பிள்ளைகளின் பாடப்பிரிவு முடிவாகிறது. இயற்பியல் படிக்க ஆசைப்பட்டவள் பக்கத்து ஊர்க் கல்லூரியில் எந்தப் பாடம் காலியோ அதில் சேர்கிறாள். நானே பி.காம். சேர்ந்தது வணிகவியல்மேல் இருந்த காதலால் இல்லை. அந்தக் கல்லூரிக்கு நடந்து போகிற தூரத்தில் ஆதிதிராவிடர் மாணவர் விடுதி இருந்தது. சோறு எங்கே போடுகிறார்களோ அங்கே படித்தேன். அஞ்சு வட்டிக்கு வாங்கிக் கட்டிய முதல் வருசக் கட்டணத்துக்கு உரிய உதவித்தொகை, பரீட்சையெல்லாம் முடிந்த பிறகு வந்தது. வட்டி உதவித்தொகையை முழுங்கிவிட்டது.

அந்த விடுதிச் சோற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. கல்லூரி விடுதி மாணவனுக்கு மாதம் 1,100 ரூபாயாக இருந்த உணவுப்படியை 2023இல் 1,500 ஆக்கினார்கள். மூன்று வேளைக்கு ஒரு நாளைக்கு ஐம்பது ரூபாய். 2025 ஜூலையில் எல்லா விடுதிகளுக்கும் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள். பெயரில் சாதி போனது நல்லதுதான். சாம்பாரில் பருப்பு வருகிறதா என்று உள்ளே போய்ப் பார்க்க வேண்டியவர்கள் நாம்.

* * *

திண்ணை இல்லாத வீட்டுக்குத் திண்ணையைத் தூக்கிக்கொண்டு ஒருவன் வருகிறான். அவன்தான் புரோக்கர். ரிசல்ட் வந்த மூன்றாம் நாள் காலனிக்குள் கார் வரும். பெரும்பாலும் நம் ஆளையே, போன வருசம் சேர்த்துவிட்ட சீனியரையே, கூட்டிக்கொண்டு வருவான். "எஸ்சி பசங்களுக்கு எல்லாமே ஃப்ரீம்மா. ஒரு பைசா கட்ட வேணாம். கவர்மெண்டு கட்டிடும். சர்டிபிகேட்டு ஒரிஜினல மட்டும் குடுங்க." அம்மாவுக்கு அது கடவுள் வாக்கு மாதிரி கேட்கும். சாதிச் சான்று, மதிப்பெண் சான்று, மாற்றுச் சான்று மூன்றும் டிராங்குப் பெட்டியிலிருந்து காருக்குப் போய்விடும்.

அவன் சொன்னதில் பாதி உண்மை. 2012இல் தமிழக அரசு போட்ட 92ஆம் எண் அரசாணை, வருமான வரம்புக்குள் வரும் பட்டியல் சாதி, பழங்குடி, மதம் மாறிய கிறித்துவ ஆதிதிராவிட மாணவர்கள் சுயநிதிக் கல்லூரியில் படித்தாலும் கட்டணத்தை அரசே ஏற்கும் என்றது. நம்மில் ஆயிரக்கணக்கானவர்கள் இன்ஜினியரிங் வாசலைத் தாண்டியது அந்த ஆணையால்தான். அதே ஆணையைப் பார்த்துத்தான் சில முதலாளிகளுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. மாணவன் வராமல் காலியாகக் கிடந்த கல்லூரிக்குச் சேரிப் பிள்ளை என்பது அரசாங்கத்திடமிருந்து வரும் காசோலை.

புரோக்கர் சொல்லாமல் விட்ட பாதிதான் கழுத்தை அறுக்கிறது. 2018இல் மத்திய அரசின் விதிமுறை நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு இந்த உதவித்தொகை இல்லை என்று ஆக்கிவிட்டது. சிறுபான்மையல்லாத சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் நூற்றுக்கு 65 இடம் அரசுக் கலந்தாய்வுக்கு, 35 நிர்வாகத்துக்கு. சிறுபான்மைக் கல்லூரியில் பாதிக்குப் பாதி. புரோக்கர் காரில் ஏற்றிக்கொண்டு போய் நேரடியாகச் சேர்க்கிற இடம் அநேகமாக இந்த நிர்வாக இடம்தான். ஒரே பெஞ்சில் ஒரே காலனிப் பிள்ளைகள் இரண்டு பேர். கலந்தாய்வில் வந்தவனுக்கு அரசு கட்டும், காரில் வந்தவனுக்குக் கட்டாது. கட்டணமும் வேறு வேறு. 2017இல் கட்டணக் குழு நிர்ணயித்தபடி கலந்தாய்வு இடத்துக்கு வருசம் 50,000, நிர்வாக இடத்துக்கு 85,000. இது பிள்ளைக்குத் தெரிய வருவது முதல் செமஸ்டர் ஹால் டிக்கெட் வாங்கும்போது. "கட்டு, இல்ல கெளம்பு." கிளம்பலாம் என்றால் சர்டிபிகேட்டு அவன் பீரோவில். ஒரிஜினல் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைக்கக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. அந்த அறிவிப்பைப் போய்க் காட்டுவது யார்? கூலி வேலையை விட்டுவிட்டு முந்நூறு கிலோமீட்டர் பஸ் ஏறிப் போகும் அப்பாவா?

இந்தப் பிள்ளை கலந்தாய்வுக்கே விண்ணப்பித்திருந்தால்? பட்டியல் சாதிக்கு விண்ணப்பக் கட்டணம் 250 ரூபாய். கணக்கில் வாங்கிய மதிப்பெண் முழுசாக, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதியாக, 200க்குக் கட் ஆப். பதினெட்டு விழுக்காடு இடம் நமக்கு, அதற்குள் மூன்று அருந்ததியருக்கு. அரசுக் கலைக் கல்லூரி என்றால் இன்னும் எளிது. எஸ்சி, எஸ்டிக்குப் பதிவுக் கட்டணம் இரண்டே ரூபாய். அந்த இரண்டு ரூபாய் விண்ணப்பத்தை நிரப்பித்தர பிரௌசிங் சென்டரில் நூறு ரூபாய் வாங்குகிறான் என்பதும், அவசரத்தில் ஒரே கல்லூரியைப் போட்டு அனுப்பிவிடுகிறான் என்பதும் வேறு கதை. கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும் போடலாம், பிடித்ததை மேலே போடவேண்டும் என்று சொல்லித்தர ஆள் இல்லாததால் நம் பிள்ளைகள் அஞ்சாறு எண்ணோடு நிறுத்திவிடுகிறார்கள். இடம் கிடைக்காதபோது புரோக்கருக்கு போன் போகிறது.

* * *

இனி வருமான வரம்பு. உதவித்தொகைக்குக் குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்கவேண்டும் என்று 2013இல் நிர்ணயித்தார்கள். அதன் பிறகு பத்து வருசத்துக்கு மேலாகியும் அந்த எல்லைக்கல்லை நகர்த்த மனசு வரவில்லை. 2019இல் முன்னேறிய சாதியில் 'நலிந்த' பிரிவினருக்குப் பத்து விழுக்காடு கொண்டுவந்தபோது வரம்பு என்ன தெரியுமா? எட்டு லட்சம். ஒன்று இட ஒதுக்கீடு, இன்னொன்று உதவித்தொகை, இரண்டையும் ஒப்பிடக்கூடாது என்று சட்டம் படித்தவர்கள் சொல்வார்கள். சரி, ஏழை என்ற சொல்லையாவது ஒப்பிடலாமா? மாதம் அறுபதாயிரம் சம்பாதிக்கிறவர் அங்கே ஏழை. மாதம் இருபத்தோராயிரம் வாங்கும் துப்புரவுப் பணியாளர் இங்கே பணக்காரர். அவர் மகனுக்கு உதவித்தொகை கிடையாது.

பணம் ஒதுக்குவதில் நடந்த கூத்து தனி. 2017க்குப் பிறகு மூன்று வருசம் மத்திய அரசு தன் பங்கை வெட்டிச் சுருக்கிப் பெரும்பாரத்தை மாநிலங்களின் தலையில் கட்டியது. நாடு முழுக்கக் கூச்சல் எழுந்த பிறகு, 2020 டிசம்பரில்தான் 60க்கு 40 என்று பங்கு பிரித்து, 2025-26 வரைக்குமாக 59,048 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். மத்திய அரசின் பங்கு நேரே மாணவர் கணக்குக்கு வரும் என்றார்கள். இடைத்தட்டுத் திருட்டு ஒழியும் என்பது காரணம், அதில் நியாயமும் உண்டு. ஆனால் சேரும்போது கல்லூரி பணம் கேட்கிறது, அரசின் பணம் பிப்ரவரியிலோ மார்ச்சிலோ ஏறுகிறது. நடுவில் இருக்கிற எட்டு மாதத்தை யார் சுமப்பது? அம்மாவின் கம்மல் சுமக்கிறது.

நேரத்துக்கு வராத பணம் என்ன செய்யும் என்பதற்கு இரண்டு சாட்சி. 2016 ஜனவரி 17 அன்று ஹைதராபாத்தில் தோழர் ரோஹித் வெமுலா இறந்தபோது எழுதி வைத்த கடிதத்தில் ஏழு மாத உதவித்தொகைப் பாக்கி, ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரம் ரூபாயின் கணக்கும் இருந்தது. சாவுக்கு முன்னால்கூட ஒரு தலித் மாணவன் பாக்கிக் கணக்கு எழுத வேண்டியிருந்தது. இரண்டாவது, 2024. உத்தரப் பிரதேசத்து முசாபர்நகர் மாவட்டத்தில் ஒரு கூலித் தொழிலாளியின் மகனுக்குத் தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. கட்ட வேண்டியது 17,500 ரூபாய். ஜூன் 24 மாலை ஐந்து மணிக்குள். அங்கங்கே புரட்டிக்கொண்டு உட்கார்ந்தபோது கணினி வாசல் மூடிவிட்டது. சென்னை உயர்நீதிமன்றம் வரை அலைந்து, கடைசியில் செப்டம்பர் 30 அன்று உச்சநீதிமன்றம் சொன்ன பிறகுதான் இடம் திரும்பக் கிடைத்தது. அந்தப் பையன் உச்சநீதிமன்றம் வரை போனான், பேப்பரில் வந்தான். போகாதவர்களின் கணக்கு யாரிடமும் இல்லை.

* * *

கல்விக் கடன் இருக்கிறதே என்பார்கள். அதைப் பற்றி நான்தான் சொல்லவேண்டும். நாலு லட்சம் வரை பிணையே கேட்கக்கூடாது என்பது விதி. பெற்றோர் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் போதும். நடப்பது வேறு. மகளிர் குழுக் கடனில் அம்மா இரண்டு தவணை தள்ளிக் கட்டியது கணினியில் சிவப்பாகத் தெரியும். அது போதும் மறுப்பதற்கு. அப்படியே கிடைத்தாலும் கணக்கைப் பாருங்கள். வருசம் ஒரு லட்சம் வீதம் நாலு லட்சம், பத்து விழுக்காடு தனி வட்டி என்றே வையுங்கள். படிப்பு நாலு வருசம், அதற்கு மேல் ஒரு வருசம் தவணை விடுப்பு. கட்டத் தொடங்கும்போது கடன் ஐந்து லட்சத்து நாற்பதாயிரம். பத்து வருசத்தில் அடைக்க மாதம் ஏழாயிரத்துச் சொச்சம். முதல் வேலையில் பன்னிரண்டாயிரம் சம்பளம் வாங்கும் பிள்ளை எதைத் தின்னும், எதைக் கட்டும்? குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால் படிப்புக் கால வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் 2009இல் வந்தது. 2018க்குப் பிறகு தரச்சான்று இல்லாத கல்லூரிக்கு அது கிடையாது என்றாக்கிவிட்டார்கள். புரோக்கர் சேர்த்துவிடுகிற கல்லூரிக்குத் தரச்சான்று இருக்குமா?

என் குற்றத்தையும் எழுதிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதுசில் ஒரு கிளையில் இருந்தேன். ஒரு பெரியவர் மகளோடு கல்விக் கடன் கேட்டு வந்தார். வேட்டியில் சேறு காயவில்லை, நடவிலிருந்து நேரே வந்திருந்தார். "நம்ம பக்கத்துப் புள்ளயாட்டம் இருக்கியே தம்பி" என்று என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். மேலாளர் என்னை உள்ளே கூப்பிட்டு, "அந்த ஊரு நம்ம சர்வீஸ் ஏரியா இல்லன்னு சொல்லி அனுப்பிடு" என்றார். அந்தக் காரணத்தைச் சொல்லிக் கல்விக் கடன் மறுக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012லேயே சொல்லிவிட்டது. எனக்கும் அது தெரியும். வெளியே வந்து அப்படியே சொன்னேன். பெரியவர் ஒரு நிமிசம் என்னைப் பார்த்தார். "சரிங்க சார்" என்றார். தம்பி சார் ஆகிவிட்டது. அந்தப் பெண் எங்கே சேர்ந்தாள், சேர்ந்தாளா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை. வேலைக்குப் போன தலித்துகள் சமூகத்துக்குத் திருப்பித் தரவேண்டும் என்று மேடையில் பேசுகிற ஒவ்வொரு முறையும் அந்த 'சார்' காதில் விழுகிறது.

* * *

இது என் ஒருவன் பிழை மட்டுமில்லை. தேர்தல் வந்தால் வாக்குச்சாவடிக்கு வாக்குச்சாவடி ஆள் போடத் தெரிந்த இயக்கங்கள் நம்முடையவை. ஏப்ரல் 14க்குப் பந்தல் போடத் தெரியும். மே மாதம் புரோக்கரின் கார் காலனிக்குள் நுழையும்போது மட்டும் அம்பேத்கர் மன்றத்தின் கதவு பூட்டிக் கிடக்கிறது. நமக்குள்ளேயும் திண்ணை உள்ளவர், இல்லாதவர் என்ற பிரிவு வந்துவிட்டது. அருந்ததியருக்கான உள் ஒதுக்கீடு 2009இல் வந்தது, 2024 ஆகஸ்ட் 1 தீர்ப்பு அந்த வழியை உறுதி செய்தது. அதைச் சண்டையாக்கிப் பேசினோமே, அருந்ததியர் தெருவில் போய் ஒரு விண்ணப்பம் நிரப்பித் தந்தோமா?

ஆகவே தோழர்களே, மாணவர்களே, இந்த மாதத்துக்கான வேலை. கலந்தாய்வில் போய் வந்த இரண்டு பேர் ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து பத்து நாள் உங்கள் மன்றத்தில் உட்காருங்கள். கையில் ஒரு போன் இருந்தால் போதும். ஒரிஜினல் சான்றிதழ் எவன் கையிலும் போகக்கூடாது, நகல் மட்டும். கல்லூரி எது என்று கேட்பதற்கு முன் 'கலந்தாய்வு இடமா, நிர்வாக இடமா' என்று கேட்கச் சொல்லிக் கொடுங்கள். உதவித்தொகைக்குத் தகுதியுள்ள பிள்ளையிடம் முன்பணம் கேட்காமல் சேர்க்க 'ஃப்ரீஷிப் கார்டு' என்று ஓர் ஏற்பாட்டை 2021 விதிமுறையே சொல்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். வருமானச் சான்றை இப்போதே எடுங்கள். ஜூன் மாதமே வங்கிக்குப் போய் ஆதார் எந்தக் கணக்கில் இருக்கிறது என்று பாருங்கள், பிப்ரவரி வரை காத்திருக்காதீர்கள். கவுண்டரில் எரிந்து விழுந்தால் எதிர்த்துக் கேளுங்கள், என்னைப் போன்றவன் உட்கார்ந்திருந்தாலும் கேளுங்கள்.

அரசிடம் நாம் கேட்பது மூன்று. வருமான வரம்பை எட்டு லட்சமாக்கு. கல்வியாண்டு தொடங்கும்போதே பணத்தைப் போடு. உதவித்தொகை வரவில்லை என்று ஹால் டிக்கெட்டை நிறுத்தும் கல்லூரியின் அங்கீகாரத்தில் கை வை. சான்றிதழைப் பிடித்து வைத்திருக்கும் கல்லூரிகளைப் பற்றி ஊர், வருசம், கேட்ட தொகையோடு எங்களுக்கு எழுதுங்கள். ஆதாரத்தோடு வரும் கடிதங்களைத் திரட்டி ஆதிதிராவிடர் நலத்துறைக்கும் பட்டியல் சாதிகள் ஆணையத்துக்கும் கொண்டுபோவோம். அடுத்த இதழில் வெளியிடுவோம்.

அடுத்த பிப்ரவரியில் 'ஏறிச்சா சார்?' என்று கேட்க வரிசை நிற்கத்தான் போகிறது. அந்த வரிசை கொஞ்சம் குட்டையாக இருந்தால் இந்தத் தலையங்கம் எழுதியதற்குப் பொருள் உண்டு.

ஜெய்பீம்.